சாயநீரை வடிகட்டினால் உப்பு எங்கே போகும்?

தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு அண்மையில், நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை நிற்கின்றது. ஈரோடு, கரூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் ஏறத்தாழ 20 ஆயிரம் ஏக்கர் நிலத்துக்கு நீர் வழங்கும் நோக்குடன் கட்டப்பட்டு 1992 இல் திறக்கப்பட்ட இவ்வணை, சில ஆண்டுகளுக்குள்ளேயே விவசாயிகள் அஞ்சும் அணையாகிவிட்டது. அணையில் நீர் இல்லை, வாய்க்காலைத் திறந்துவிடுங்கள் என்று விவசாயிகள் முறையிடுவதே உலக வழமை. இங்கோ, நீரைத் தேக்கி வைக்காதீர்கள், எங்கள் வயல்களுக்கு அதைத் திறந்துவிடவும் வேண்டாம் என்று அணையின் பயனாளிகளே நீதிமன்றப் படியேறினர். ஆற்றின் மேற்பகுதியில் அமைந்த திருப்பூர் நகரத்துச் சாயப்பட்டறைகள் வெளியேற்றிய கழிவுநீரே அணையில் தேங்கி நின்றது என்பதுதான் இதற்குக் காரணம்.

இன்று அதே திருப்பூர், கைத்தொழிற் கழிவுநீரை மென்சவ்வுகளின் ஊடாகச் செலுத்தித் தூய்மையாக்கி, மீண்டும் சாயமிடுவதற்கே பயன்படுத்தும் நகரமாக உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகின்றது. நாளொன்றுக்குச் சுமார் 13 கோடி லீற்றர் நீர் இவ்வாறு மீளப் பயன்படுத்தப்படுவதாக அந்நகரின் ஏற்றுமதியாளர்கள் பெருமையுடன் கூறி வருகின்றனர். நஞ்சு தேங்கிய அணையிலிருந்து இந்தப் பெருமை வரையிலான பாதை எவ்வளவு நீண்டது, அதற்கான விலையை யார் செலுத்தினர், இன்னும் தீராமல் எஞ்சியிருப்பது என்ன என்பவற்றை இலங்கை வாசகர்கள் அறிந்து வைத்திருப்பது நன்று. நமது நாட்டிலும் துணிக்குச் சாயமிடும் பெருந்தொழிலைக் கிழக்குக் கரையில் நிறுவுவதற்கான திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கின்றது. அதைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் மென்சவ்வு என்பது யாது, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்.

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்றவர்களுக்குப் பிரசாரணம் என்ற பாடம் நினைவிலிருக்கும். நீரை மட்டும் ஊடுபுகவிட்டு உப்பைத் தடுக்கும் ஒரு மென்சவ்வின் ஒரு பக்கத்தில் நன்னீரும் மறுபக்கத்தில் உப்புநீரும் இருந்தால், நன்னீர் தானாகவே உப்புநீரை நோக்கிச் செல்லும். உப்புநீரின் பக்கத்தில் போதிய அமுக்கத்தைப் பிரயோகித்தால் இவ்வோட்டம் தலைகீழாகும். உப்பு பின்தங்க, நீர் மட்டும் மறுபுறம் வந்து சேரும். ஆர்.ஓ. என்று நமது கிராமங்களிலும் இன்று அறியப்பட்டிருக்கும் நேர்மாறுப் பிரசாரணம் இதுவே. 1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பவரும் செலுலோசு அசற்றேற்றைக் கொண்டு நடைமுறைக்கு உதவும் முதலாவது மென்சவ்வை உருவாக்கினர். அதற்கு முன்னர் இது ஆய்வுகூட வேடிக்கையாகவே இருந்தது.

மென்சவ்வுகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. பற்றீரியாவைத் தடுக்கும் அளவு துளையுள்ளவை உண்டு. வைரசுகளையும் பெரிய மூலக்கூறுகளையும் தடுப்பவை உண்டு. நனோ வடிகட்டல் எனப்படும் அடுத்த படியானது சாய மூலக்கூறுகளையும் சல்பேற்று போன்ற உப்புக்களையும் தடுத்து நிறுத்தும். ஆனால், கறியுப்பின் பெரும்பகுதியைப் போகவிடும். நேர்மாறுப் பிரசாரண மென்சவ்வு கறியுப்பையும் தடுத்துவிடும். துளை சிறுக்கச் சிறுக்கத் தேவைப்படும் அமுக்கமும், அதன் பொருட்டு மின்சாரமும் கூடிக்கொண்டே செல்லும். மென்சவ்வு இலகுவில் அடைபட்டுவிடும் என்பது இன்னொரு சிக்கலாகும். நிறம், எண்ணெய், சேதனப் பொருள், கல்சியம், சிலிக்கா ஆகியன அதன் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். எனவே உயிரியல் முறையிலும் இரசாயன முறையிலும் கழிவுநீரை முன்கூட்டியே பெருமளவு சுத்திகரித்த பின்னர்தான் அதை மென்சவ்விடம் அனுப்ப முடியும். மென்சவ்வை வாங்கிப் பொருத்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுபவர்கள் வழுக்கி விழும் முதலாவது இடம் இதுவாகும்.

வழுக்கி விழும் இரண்டாவது இடம் இன்னும் ஆழமானது. மென்சவ்வு கழிவை அழிப்பதில்லை. அது பிரித்து வைக்கின்றது, அவ்வளவே. நூறு குடம் சாயநீரை உள்ளே ஊற்றினால் எண்பத்தைந்து குடம் தெளிந்த நீர் ஒரு குழாயால் வெளிவரும். மற்றைய குழாயால் வரும் பதினைந்து குடத்தில், நூறு குடத்தில் இருந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் இருக்கும். லீற்றருக்கு 6,000 மில்லிகிராம் உப்புடன் உள்ளே சென்ற கழிவுநீரின் எச்சம் 40,000 மில்லிகிராம் உப்புடன் வெளியே வரும். கடல்நீரில் இருப்பதே ஏறத்தாழ 35,000 மில்லிகிராம்தான் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். இந்தப் பதினைந்து குடங்களையும் எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு மென்சவ்விடம் பதில் இல்லை. திருப்பூரின் கதை முழுவதும் இந்தப் பதினைந்து குடங்களைப் பற்றியதே எனலாம்.

சாயப்பட்டறையில் இவ்வளவு உப்பு எதற்கு என்று வாசகர்கள் வினவக்கூடும். பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் பயன்படுத்தப்படும் தாக்கச் சாயங்கள் நீரில் இலகுவாகக் கரைவன. அவற்றை நீரிலிருந்து நூலிழையின் பக்கம் தள்ளிச் சேர்ப்பதற்குக் கறியுப்போ சோடியம் சல்பேற்றோ பெருமளவில் இடப்படுகின்றது. ஆழ்ந்த நிறமென்றால் ஒவ்வொரு லீற்றர் சாயக் கரைசலிலும் பத்துக்கணக்கான கிராம் உப்பு வேண்டும். சாயத்தில் ஒரு பகுதியாவது துணியோடு சென்றுவிடும். உப்பு அப்படியல்ல; அதில் ஒரு குறுணிகூடத் துணியில் தங்குவதில்லை, இட்டதெல்லாம் கழுவுநீருடன் வெளியேறும். நாம் உடுத்தும் கறுப்பு டீசேர்ட்டுக்கும் கருநீல மேலாடைக்கும் பின்னால் எங்கோ ஓர் ஊரின் கிணறு உவர்ப்பாகியிருக்கக்கூடும் என்பது மிகைப்படுத்திய கூற்று அல்ல.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 1980 களில் வேகம் கொண்டது. நூற்றுக்கணக்கான சிறு சாயப்பட்டறைகள் நொய்யலின் கரையோரமாக முளைத்தன. நீதிமன்றத்தின் அழுத்தத்தால் 1990 களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுவப்பட்டன. பல பட்டறைகள் ஒன்றுகூடி, தத்தம் கழிவுநீரைக் குழாய் வழியே ஒரு நிலையத்துக்கு அனுப்பி, செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. சிறு முதலாளிகளைக் கொண்ட தொழிலுக்குப் பொருத்தமான யோசனைதான். ஆனால், அந்நிலையங்கள் சுண்ணாம்பும் இரசாயனங்களும் இட்டு நிறத்தையும் கசட்டையும் மட்டுமே அகற்றின. கரைந்த உப்பு வந்தபடியே ஆற்றுக்குச் சென்றது. லீற்றருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த திண்மங்கள் இருக்கலாகாது என்ற அரசாங்க நியமம் ஏட்டில் இருந்தது. ஆற்று நீர் பார்வைக்குச் சற்றுத் தெளிந்ததும் அதிகாரிகள் நிம்மதியடைந்திருக்கலாம். நிறமற்ற உப்பைப் பயிரின் வேர்தான் முதலில் கண்டுகொண்டது.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்களின் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசெம்பரில் வழங்கிய தீர்ப்பு ஒரு திருப்புமுனையாகும். ஒரு துளி கழிவுநீரும் வெளியேற்றப்படாத நிலையை 2007 ஜூலை முடிவுக்குள் அடைய வேண்டும் என்றும், அதுவரை வெளியேற்றப்படும் ஒவ்வொரு லீற்றருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை உயரும் தண்டத்தைச் செலுத்த வேண்டும் என்றும் மன்று பணித்தது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் மேன்முறையீடு செய்தனர். மாசுபடுத்தியவரே அதற்கான விலையைச் செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை வலியுறுத்திய இந்திய உச்ச நீதிமன்றம், 2009 ஒக்டோபரில் மேலும் மூன்று மாத அவகாசம் மட்டுமே அளித்தது.

இக்காலப்பகுதியில்தான் மென்சவ்வுகள் திருப்பூருக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தன. பொது நிலையங்கள் வங்கிக் கடன் பெற்று நேர்மாறுப் பிரசாரணத் தொகுதிகளைப் பொருத்தின. எச்சமாகும் உவர்நீரைக் கொதிக்க வைத்து வற்றச் செய்வதற்கு ஆவியாக்கிகளும் வாங்கப்பட்டன. நீரை மீட்கும் பகுதி ஓரளவு வேலை செய்தது. உவர்நீரை வற்றச் செய்யும் பகுதி தோல்வி கண்டது. இதன் காரணம் எளிய பௌதிகத்தில் அடங்கியிருக்கின்றது. ஆயிரம் லீற்றர் கடல்நீரையே மென்சவ்வினூடு தள்ளுவதற்கு 3 அல்லது 4 அலகு மின்சாரம் போதுமானது. அதே ஆயிரம் லீற்றரை ஆவியாக்குவதற்கோ, வெப்பத்தை மீட்டெடுக்காவிடில், 600 அலகுக்கு மேற்பட்ட சக்தி வேண்டும். வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நவீன ஆவியாக்கிகள் இந்தத் தொகையைப் பல மடங்கு குறைத்துவிடும் என்பது உண்மையே. எனினும் மென்சவ்வின் செலவோடு அதை ஒப்பிட முடியாது. விலை குறைந்த பின்னலாடைக்குக் குறைந்த கூலிக்குச் சாயமிடும் பட்டறைக்காரர் ஒருவர், உலர்த்த முடியாத உவர்நீரை இரவோடு இரவாக ஓடையில் திறந்துவிடுவதற்கான தூண்டுதல் எவ்வளவு வலிமையானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மென்சவ்வு பொருத்தப்பட்டும் நொய்யல் மீளவில்லை. விவசாயிகள் நீதிமன்ற அவமதிப்பு மனுவுடன் மீண்டும் சென்றனர். 2011 ஜனவரி 28 ஆந் திகதி திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் யாவற்றையும், அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் சேர்த்து, உடனடியாக மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700 க்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின்னிணைப்புத் துண்டிக்கப்பட்டது.

அதன் விளைவை நன்மையாக மட்டுமோ தீமையாக மட்டுமோ சித்திரிப்பது நேர்மையாகாது. வெளி மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்திருந்த தொழிலாளர்கள் வேலையிழந்து ஊர் திரும்பினர். துணிகள் சாயமிடுவதற்காக வேறு மாநிலங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டன. ஈரோடு, நாமக்கல், சேலம் போன்ற அயல் மாவட்டங்களில் அனுமதியற்ற சாயப்பட்டறைகள் முளைப்பதாக முறைப்பாடுகள் எழுந்தன. ஓர் ஆற்றைக் காக்கும் உத்தரவு வேறோர் ஆற்றுக்குச் சுமையாக மாறும் ஆபத்து இதில் உண்டு. ஆயினும், பதினைந்து ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தையாலும் தண்டத்தாலும் நிகழாத ஒன்று இந்த மூடலால் நிகழ்ந்தது என்பதையும் மறுக்க முடியாது. உவர்நீருக்கு விடை கண்டாலொழியத் தொழிலே இல்லை என்ற நிலை உருவானது.

தமிழ்நாடு அரசாங்கம் பொது நிலையங்களைச் சீரமைக்க 200 கோடி ரூபா வட்டியில்லாக் கடன் வழங்கியது. தீர்வு வந்தவிதம் சுவாரசியமானது. உவர்நீரை உலர்த்த வேண்டிய கழிவாகக் கருதாது, சாயப்பட்டறைக்குத் தேவையான மூலப்பொருளாகவே கருதலாம் என்ற எண்ணம் அருள்புரம் பொது நிலையத்தில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. பட்டறைகள் கறியுப்பை விடுத்துச் சோடியம் சல்பேற்றுக்கு மாறினால், நனோ வடிகட்டல் மூலமும் குளிரூட்டிப் பளிங்காக்குவதன் மூலமும் அவ்வுப்பை ஓரளவு தூய்மையாக மீட்கலாம். நிறம் நீக்கப்பட்ட உவர்க் கரைசலை அப்படியே பட்டறைக்குத் திருப்பியனுப்பி அடுத்த சாயத் தொட்டியில் இடவும் இயலும். இதனால் ஆவியாக்க வேண்டிய நீரின் அளவு வெகுவாகக் குறைந்தது. உப்பு வாங்கும் செலவும் குறைந்தது. இந்த வழியைப் பின்பற்றிய நிலையங்கள் ஒவ்வொன்றாக, சோதனை ஓட்டத்தின் பின்னர், மீள இயங்க அனுமதிக்கப்பட்டன. இன்று 18 பொது நிலையங்கள் இயங்குகின்றன. அவற்றோடு தமக்கெனத் தனி நிலையம் அமைத்துக்கொண்ட பெரிய ஆலைகளும் உள்ளன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பமான விடயமொன்று உள்ளது. எந்த உப்பைப் பயன்படுத்துவது என்பது சாயமிடுபவர் எடுக்கும் முடிவு. அந்த உப்பை மீட்க இயலுமா என்பது நூறு பட்டறைகளும் ஒரே முடிவை எடுப்பதில் தங்கியுள்ளது. பத்துப் பேர் மலிவு கருதிக் கறியுப்பைக் கலந்துவிட்டால் எல்லோரது உவர்நீரும் கெட்டுவிடும். ஆகவே இந்தத் தொழில்நுட்பத்தின் வெற்றி இயந்திரத்தில் உள்ளதைவிடக் கூட்டுக் கட்டுப்பாட்டிலேயே அதிகம் உள்ளது. இயந்திரங்களை மட்டும் பார்வையிட்டு வியந்து திரும்பும் தூதுக்குழுக்கள் தவறவிடுவது இதனைத்தான்.

திருப்பூரில் பிரச்சினை முற்றாகத் தீர்ந்துவிட்டதாகவும் எண்ணிவிடலாகாது. மீட்க முடியாத கலப்பு உப்பும், சாயமும் இரசாயனமும் கலந்த சேறும் நிலைய வளாகங்களில் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டுள்ளன. மழை படாமல் அவற்றைக் காப்பதே ஒரு வேலையாகிவிட்டது. ஆவியாக்கிகளின் கொதிகலன்கள் விறகை விழுங்குகின்றன. ஆற்றைக் காப்பாற்றுவதற்காகக் காற்றில் புகையைச் சேர்க்கின்றோமா என்ற கேள்வி நியாயமானதே. உப்பேறிய மண்ணும் கிணறுகளும் பழைய நிலைக்குத் திரும்பப் பல மழைக்காலங்கள் தேவை.

மறுபக்கத்தில், மீட்கப்பட்ட நீரின் பயனை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. திருப்பூரின் கைத்தொழிலுக்கெனப் பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18 கோடியே 50 இலட்சம் லீற்றர் நீரைக் கொண்டுவரும் பெருந்திட்டமொன்று 2000 களின் நடுப்பகுதியில் தனியார் பங்களிப்புடன் நிறைவேற்றப்பட்டது. பட்டறைகள் தமது நீரையே சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தத் தொடங்கியதும் அந்நீருக்கான கைத்தொழில் தேவை குறைந்துபோனது. ஒரு கைத்தொழில் நகரம் இன்னோர் ஆற்றின் மீது வைக்கும் சுமையை மீள்பயன்பாடு எவ்வளவு இலகுவாக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும். சிங்கப்பூர் இவ்வழியில் இன்னும் முன்னே சென்று, நகரக் கழிவுநீரையே மென்சவ்வுகளின் ஊடாகத் தூய்மையாக்கி 2003 முதல் பெருமளவில் வழங்கி வருகின்றது. அதன் முதன்மையான வாடிக்கையாளர்களுள் மிகத் தூய நீர் வேண்டி நிற்கும் கணினிச் சில்லு ஆலைகள் அடங்கும்.

மீட்கப்பட்ட நீர் பற்றிய அருவருப்பு நம்மவரிடையே இருக்கக்கூடும். அது குறித்து ஒரு செய்தியை இங்கு சொல்லி வைப்பது தகும். சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை 1978 ஆம் ஆண்டிலேயே இவ்விடயத்தை ஆராய்ந்து, நிறமும் மணமும் சுவையும் மாறாத இயல்பு நிலைக்கு மீளும்வரை முறையாகச் சுத்திகரிக்கப்பட்ட நீர் தூய்மையானதே, அதைக் கொண்டு வுழூச் செய்யவும் தடையில்லை என்று தீர்ப்பளித்திருக்கின்றது. பாலைநிலத்தில் நீரின் அருமையை உணர்ந்தவர்கள் எடுத்த முடிவு அது.

இனி நமது நாட்டை நோக்குவோம். இலங்கை ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 கோடி டொலர் பெறுமதியான ஆடைகளை ஏற்றுமதி செய்கின்றது. அவ்வாடைகளுக்கான துணியில் பெரும்பகுதி சீனா, இந்தியா போன்ற நாடுகளில் நெய்யப்பட்டு, அங்கேயே சாயமிடப்பட்டு வந்து சேருகின்றது. வெட்டித் தைப்பதில் நீரின் பயன்பாடு குறைவு. நமது ஆடைத் தொழில் பிறர் ஆறுகளின் செலவில் தூய்மையானதாகத் தோற்றமளித்து வந்துள்ளது என்று சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். உண்மை அதுவே. எனினும், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையை முழுமையாகப் பெறுவதாயின் தையலோடு நில்லாது துணி உற்பத்தியும் உள்நாட்டில் நிகழ வேண்டும் என்ற மூலவிதி இருப்பதால், துணியாலைகளை இங்கே கொண்டுவரும் முயற்சி நியாயமான பொருளாதார நோக்கமுடையது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறாவூரை அடுத்த புன்னைக்குடாவில் துணி உற்பத்தி வலயம் ஒன்றை அமைப்பதற்கு முதலீட்டுச் சபையினூடாக 2020 ஐ அடுத்து முன்வைக்கப்பட்ட திட்டம் இதிலிருந்து பிறந்ததே. வேலைவாய்ப்பற்ற ஒரு மாவட்டத்தில், தமிழ், முஸ்லிம் இளைஞர்களும் யுவதிகளும் மத்திய கிழக்கை நோக்கிப் புறப்படும் ஒரு பிரதேசத்தில், இத்தகைய முதலீட்டை எடுத்த எடுப்பிலேயே எதிர்ப்பது பொறுப்பான செயலாகாது. கேட்க வேண்டியதைக் கேளாது வரவேற்பதும் அவ்வாறே.

நீரைப் பொறுத்தவரை நமது சொந்த அனுபவங்கள் இனிமையானவையல்ல. கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரிய, ரத்துபஸ்வல பகுதியில் தமது கிணற்று நீர் அமிலத்தன்மை அடைந்ததற்கு அங்கிருந்த கையுறைத் தொழிற்சாலையே காரணமெனக் குற்றஞ்சாட்டி, தூய நீர் கேட்டு வீதிக்கு வந்த மக்கள்மீது 2013 ஓகஸ்ட் முதலாம் திகதி இராணுவம் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். 2015 ஓகஸ்டில் குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து கசிந்த எண்ணெய் களனி கங்கையில் கலந்ததால் கொழும்பின் நீர் வழங்கல் பாதிப்புற்றது. சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் சுண்ணக்கல் நிலத்தடிநீரில் கலந்த விவகாரத்தில், அப்பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு அந்நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்கு உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. இம்மூன்றிலும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. பாதிப்பு நேர்ந்து, மக்கள் கிணற்றை மோந்து பார்த்த பின்னரே அரச இயந்திரம் அசைந்தது.

மென்சவ்வும் நமக்குப் புதியதல்ல. சிறுநீரக நோய் பரவிய வட மத்திய மாகாணத்திலும் அதை அண்டிய மாவட்டங்களிலும் கடற்படையினர் நூற்றுக்கணக்கான சிறு ஆர்.ஓ. நிலையங்களை நிறுவியுள்ளனர். அவற்றின் எச்ச நீர் பெரும்பாலும் அருகிலுள்ள வடிகாலிலோ வெற்றுநிலத்திலோ விடப்படுகின்றது. வடமராட்சி கிழக்கு தாழையடியில், நாளொன்றுக்கு 24 ஆயிரம் கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. அத்திட்டம் பேசப்பட்ட காலத்தில் மருதங்கேணிக் கடற்றொழிலாளர்கள் எழுப்பிய முதலாவது ஆட்சேபம், திரும்பக் கடலில் விடப்படும் செறிந்த உவர்நீர் மீன்வளத்தை என்ன செய்யும் என்பதாகவே இருந்தது. மென்சவ்வு பற்றிய நூல்களைப் படித்திராத அம்மக்கள் சரியான இடத்தில் விரலை வைத்தனர். அவர்களது கேள்வியை அபிவிருத்திக்கு எதிரான கூச்சலாகச் சிலர் எடுத்துக்கொண்டது வருந்தத்தக்கது.

புன்னைக்குடாவுக்கு வருவோம். அதுவும் கடற்கரையே. துணியாலைகளின் கழிவுநீரை நிறம் நீக்கி, நீண்ட குழாய் வழியே கடலில் விட்டுவிடுவது மலிவான வழியாகத் தோன்றும். உப்பைப் பொறுத்தவரை கடலுக்கு அது பெரிய சுமையுமல்ல என்ற வாதம் முன்வைக்கப்படும். அவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், சாயமும் பார உலோகங்களும் துணைப்பதார்த்தங்களும் அவ்வுப்புடன் சேர்ந்தே செல்லும் என்பதை அது மறைக்கின்றது. கரைவலை இழுக்கும் மீனவரின் கடல் அது. அதற்கும் மேலாக, நீரைக் கடலில் விட்டுவிடும் ஆலை நாள்தோறும் புதிய நீரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பழைய முறையில் ஒரு கிலோகிராம் பருத்தித் துணிக்குச் சாயமிட 60 முதல் 100 லீற்றர் வரை நீர் செலவாகும். மட்டக்களப்பின் குழாய்நீர் உன்னிச்சைக் குளத்தை நம்பியிருக்கின்றது. அதே குளத்தை நெல்வயல்களும் நம்பியிருக்கின்றன. கரையோர மணற்பாங்கான நிலத்தடிநீரோ ஆழமற்றது. அளவுமீறி இறைத்தால் கடல்நீர் உட்புகும். கிழக்கில் நீர் பற்றிய பிணக்கு இனப் பிணக்காக மாறுவதற்கு அதிக காலம் எடுப்பதில்லை என்பதை இப்பத்தியின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மென்சவ்வு மூலமான மீள்பயன்பாடு அங்கு ஓர் அலங்காரமாக அன்றி, முதலீட்டின் நிபந்தனையாகவே அமைய வேண்டும். திருப்பூர் பட்டறைகளை முதலில் கட்டிவிட்டு, பின்னர் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி, அதன் பின்னர் மென்சவ்வைப் பொருத்தி, இறுதியில் உவர்நீரைப் பற்றிச் சிந்தித்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு புதிய கடனும் ஒரு புதிய வழக்கும் தேவைப்பட்டன. வெற்று நிலத்தில் தொடங்கும் வலயத்துக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்கும் வாய்ப்பு உண்டு. எந்த உப்பை மாத்திரம் பயன்படுத்தலாம் என்பதை வலயத்தின் முதலாவது குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். ஒவ்வோர் ஆலையும் வாங்கிய உப்பின் அளவையும், நிலையத்தில் மீட்கப்பட்ட உப்பின் அளவையும் மாதந்தோறும் ஒப்பிட்டு வெளியிடச் செய்யலாம். நாளொன்றுக்கு 5,000 கன மீற்றர் கழிவுநீர் லீற்றருக்கு 6 கிராம் உப்புடன் வந்தால், அது 30 தொன் உப்பு. முப்பது தொன் எங்கே சென்றது என்பதற்குக் கணக்குக் காட்டுவது கடினமான காரியமல்ல. காட்ட மறுப்பதுதான் கவலைக்குரியது. ஆலை நட்டமடைந்து முதலீட்டாளர் வெளியேறினால் சேறும் உப்பும் யார் தலையில் விழும் என்பதற்கு முன்கூட்டியே வைப்புப் பணம் பெறப்பட வேண்டும்.

செலவு பற்றிய கேள்வியை இங்கு தவிர்க்க இயலாது. உவர்நீர் வரை கையாளும் ஒரு நிலையம் சாயமிடும் கூலியை உயர்த்தும். ஐரோப்பிய, அமெரிக்க ஆடை நாமங்கள் தமது அறிக்கைகளில் நீர்ச் சிக்கனத்தைப் பற்றி அழகாக எழுதுகின்றன. ஒரு டீசேர்ட்டுக்குச் சில சதம் கூட்டிக் கேட்டால் அடுத்த நாட்டுக்குச் செல்கின்றன. திருப்பூரின் சிறு பட்டறைக்காரர்கள் கடனாளியானதற்கு நீதிமன்றத்தைக் குறைகூறுவது வழமையாகிவிட்டது. அந்த விலையைப் பகிர்ந்துகொள்ள மறுத்த கொள்வனவாளர்களைப் பற்றிய பேச்சு அங்கும் குறைவு, இங்கும் குறைவு. வலயத்துக்கு ஆலைகளை அழைக்கும் முதலீட்டுச் சபை, வரி விடுமுறையை எவ்வளவு நீட்டுவது என்று பேரம் பேசும் மேசையிலேயே சுத்திகரிப்புச் செலவையும் பேசியாக வேண்டும்.

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் பாரிய திட்டங்களுக்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, பொதுமக்களின் கருத்துக்காக 30 நாட்கள் திறந்து வைக்கப்பட வேண்டும். அந்நாட்கள் பெரும்பாலும் யாரும் அறியாமலே கழிந்துவிடுவது நமது நாட்டின் அனுபவம். ஏறாவூர் நகர சபையும் ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபையும், கடற்றொழிலாளர் சங்கங்களும் விவசாயிகள் அமைப்புகளும், பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் ஒன்றாக அமர்ந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் விரிவுரையாளர்களையும் அழைத்துக்கொண்டு, அவ்வாறான அறிக்கையில் மூன்று விடயங்களைத் தேடிப் பார்க்கலாம். எத்தனை வீதம் நீர் மீளப் பயன்படுத்தப்படும்? எஞ்சும் உவர்நீர் எங்கே செல்லும்? சேறும் கலப்பு உப்பும் எந்த இடத்தில், எத்தனை ஆண்டுகளுக்கு, யாருடைய பொறுப்பில் வைக்கப்படும்? முதலாவது கேள்விக்கான பதில் பளபளப்பான படங்களுடன் அறிக்கையின் முற்பக்கங்களிலேயே கிடைத்துவிடும். மற்றைய இரண்டுக்கும் பதில் காணப்படாவிடில், அறிக்கை முழுமையற்றது என்று எழுத்துமூலம் அறிவிக்க அந்த 30 நாட்களும் போதுமானவை.